நார்வே வழியாக வந்த தமிழ்

‘புதுக்கோட்டை’ என்று எழுத நமக்கு ஆறு எழுத்து போதும். கைபேசிக்கு அதே பெயர் பன்னிரண்டு குறிகள். ப, ஓர் உகரக் குறி, த, மறுபடி ஓர் உகரக் குறி, க, புள்ளி, இன்னொரு க, ஓகாரக் குறி, ட, புள்ளி, இன்னொரு ட, ஐகாரக் குறி. யூனிகோட் முறையில் இவை இந்த வரிசையில்தான் வந்து சேரும். வந்த பிறகு ஓகாரக் குறியை இரண்டாகப் பிரித்து ககரத்தின் இருபுறமும் நிறுத்த வேண்டும். ஐகாரக் குறியை டகரத்துக்கு முன்னால் கொண்டுவர வேண்டும். புள்ளியைத் தலைமேல் ஏற்ற வேண்டும். இதற்குக் கைபேசிக்குள் எழுத்துருவும் அதை ஒழுங்குபடுத்தும் மென்பொருளும் இருந்தாக வேண்டும்.

2008, 2009 வாக்கில் நம் கைகளில் இருந்த பல கைபேசிகளில் இவை இரண்டும் கிடையாது. தமிழ் நாளிதழின் தளத்தைத் திறந்தால் தலைப்பும் கட்டம், செய்தியும் கட்டம். புதுக்கோட்டை என்ற ஊர்ப்பெயர் இருக்கும் இடத்தில் பன்னிரண்டு காலிக் கட்டங்கள். அந்தக் கட்டங்களை எழுத்தாக மாற்றித் தந்தது, நார்வே நாட்டில் பிறந்த ஒரு சின்னச் செயலி. அதன் பெயர் ஓபரா மினி. அதை நாம் பிரவுசர் என்றுதான் சொன்னோம். ஆனால் அது செய்தது ப்ராக்ஸி வேலை. நமக்கும் இணையத்துக்கும் நடுவில் நின்று, நமக்குப் பதிலாகப் போய் வாங்கிவந்து கொடுக்கும் வேலை. தமிழகத்தின் சிற்றூர்களில் அதிகம் பேர் பயன்படுத்திய முதல் ப்ராக்ஸி செயலிகளில் அதுவும் ஒன்று. அது வந்த வழியையும், இங்கே செய்த வேலையையும், விட்டுச்சென்ற பாடத்தையும் எழுதிவைக்க வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை.

பிறப்பு

ஓபரா நிறுவனம் ஆஸ்லோ நகரில் 1995இல் தொடங்கப்பட்டது. யோன் வான் டெட்ஸ்னர், கெய்ர் இவார்சாய் என்ற இருவர் அதை நிறுவினார்கள். கணினிக்கான உலாவிதான் அவர்களுடைய தொழில். ஜாவா ஓடும் சாதாரணக் கைபேசியில் முழு உலாவியை ஓட்ட முடியாது. நினைவகம் பத்தாது, திரை சிறியது, இணைப்பு நத்தை வேகம். ஆகவே கைபேசியில் உலாவியை வைக்காமல், உலாவியைத் தங்கள் சர்வரில் வைத்தார்கள். கைபேசியில் இருப்பது சில நூறு கேபி அளவுள்ள ஒரு சின்ன ஜாவா நிரல்தான். நாம் ஒரு முகவரியைத் தட்டினால் அந்த நிரல் ஓபராவின் சர்வருக்குச் சொல்லும். சர்வர் அந்தத் தளத்துக்குப் போய்ப் பக்கத்தை எடுத்து, திரைக்கு ஏற்ப அடுக்கி, படங்களைச் சுருக்கி, 90 சதவீதம் வரைக்கும் எடையைக் குறைத்து, தனக்கே உரிய ஒரு வடிவத்தில் கட்டி அனுப்பும். கைபேசி அதைப் பிரித்துக் காட்டும். அவ்வளவுதான்.

2005 ஆகஸ்ட் 10 அன்று நார்வேயின் டிவி 2 தொலைக்காட்சியுடன் சேர்ந்து, அதன் வாடிக்கையாளர்களுக்கு மட்டும் வெள்ளோட்டம் விட்டார்கள். 2006 ஜனவரி 24 அன்று உலகம் முழுவதற்கும் முறைப்படி வெளியானது. சில ஆண்டுகளுக்குள் அதை அதிகம் பயன்படுத்திய நாடுகளின் முன்வரிசையில் இந்தோனேசியாவும் ரஷ்யாவும் இந்தியாவும் இருந்தன. கணினி வாங்க முடியாதவனுக்கும் இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய் போனில் நெட் பார்க்க முடிந்தது என்பதுதான் காரணம்.

எழுதப் படிக்கத் தெரியாத வீடுகளில் தபால்காரரே கடிதத்தைப் பிரித்து வாசித்துக் காட்டிய வழக்கம் நம் கிராமங்களில் உண்டு. ஓபரா மினி செய்தது அந்தத் தபால்காரர் வேலை. வீட்டுக்குச் சேதி வந்துவிடும். சேதி என்னவென்று தபால்காரருக்கும் தெரிந்துவிடும்.

வந்து சேர்தல்

இங்கே அது முறையான வழியில் வந்ததைவிட மெமரி கார்டு வழியாகவும் புளூடூத் வழியாகவும் வந்ததே அதிகம். மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தருகிற கடைகள் புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்தைச் சுற்றி இருந்தன. பாட்டோடு பாட்டாக ஓபரா மினியின் ‘ஜார்’ என்ற நிறுவல் கோப்பையும் ஏற்றிக் கொடுத்துவிடுவார்கள். அங்கிருந்து ஆலங்குடிக்கும் அறந்தாங்கிக்கும் பொன்னமராவதிக்கும் நண்பன் கைக்கு நண்பன் கை என்று புளூடூத்தில் போகும்.

ஏற்றினால் மட்டும் ஓடாது. ஜிபிஆர்எஸ் செட்டிங்ஸ் சரியாக இருக்க வேண்டும். சிம் கம்பெனிக்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் செட்டிங்ஸ் திரும்பி வரும், சேமிக்கும்போது பின் எண் கேட்கும், பெரும்பாலும் 1234. வராத ஊரில் கையால் போட வேண்டும். ஏர்டெல் என்றால் ஆக்சஸ் பாயின்ட் பெயர் ‘ஏர்டெல்ஜிபிஆர்எஸ் டாட் காம்’. பிஎஸ்என்எல் என்றால் ‘பிஎஸ்என்எல்சவுத்’. ஏர்செல்லில் ‘ஏர்செல்ஜிபிஆர்எஸ்’, கூடவே 192.168.35.201 என்ற ப்ராக்ஸி முகவரி, 8081 என்ற போர்ட் எண். ஒரு புள்ளி விட்டுப்போனாலும் நெட் வராது. இந்த எண்களை மனப்பாடமாக வைத்திருந்த பையன்களுக்குத் தெருவில் ஒரு தனி மரியாதை இருந்தது. ஏர்செல்லின் மாதம் 98 ரூபாய் ‘பாக்கெட் இன்டர்நெட்’ வந்தபோது அந்த மரியாதை இன்னும் கூடியது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கம்பெனிக்காரர் கொடுத்த அந்த 8081 வாசலே ஒரு ப்ராக்ஸிதான். ஆக, ஒரு பக்கம் நம் கைக்கு வர இரண்டு இடையாட்களைக் கடந்தது: முதலில் ஓபராவின் சர்வர், அப்புறம் கம்பெனியின் கேட்வே. கோளாறு வந்தால் எந்த ஆளிடம் கோளாறு என்று கண்டுபிடிப்பதுதான் வித்தை.

அதற்கு ஒரு ஒழுங்கு இருந்தது. முதலில் போனோடு வந்த பிரவுசரைத் திறந்து ஏதாவது ஒரு பக்கம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வராவிட்டால் கோளாறு செட்டிங்ஸில் அல்லது பேலன்ஸில். செயலியைக் குறை சொல்லிப் பயனில்லை. அது வந்து ஓபரா மட்டும் வராவிட்டால், செயலிக்குள் போய் நெட்வொர்க் பகுதியில் ‘சாக்கெட்’ என்றிருப்பதை ‘எச்டிடிபி’ என்று மாற்ற வேண்டும். கம்பெனியின் கேட்வே சாதாரண வலைப்பக்கப் போக்குவரத்தை மட்டும் விட்டு, மற்றதை மறித்துவிடும். அடுத்தது தேதி. பேட்டரியைக் கழற்றி மாட்டினால் சில போன்களில் தேதி பழைய ஆண்டுக்குப் போய்விடும். சான்றிதழ் செல்லாது என்று சொல்லி ஏற்றவே விடாது. தேதியைத் திருத்தினால் தீர்ந்தது. கடைசியாக, ஒவ்வொரு பக்கத்துக்கும் ‘அனுமதிக்கவா’ என்று போன் கேட்டுக்கொண்டே இருக்கும் தொல்லை. செயலிமேல் நின்று ஆப்ஷனை அழுத்தி, நெட்வொர்க் அனுமதியை ‘முதல்முறை மட்டும் கேள்’ என்று மாற்றினால் அதுவும் ஓயும்.

இத்தனையும் செய்து முடித்தால் கூகுள் வரும், கிரிக்கெட் ஸ்கோர் வரும், ரயில் நேரம் வரும். தமிழ் மட்டும் கட்டமாகவே வரும்.

கட்டம் எழுத்தான கதை

அதற்கான மருந்தும் அந்தச் செயலிக்குள்ளேயே இருந்தது. யார் கண்ணிலும் படாத இடத்தில் இருந்தது. முகவரிப் பெட்டியில் ஏற்கெனவே கிடப்பதையெல்லாம் அழித்துவிட்டு, ‘ஓபரா’ என்று ஆங்கிலத்தில் தட்டி, முக்காற்புள்ளி வைத்து, ‘கான்ஃபிக்’ என்று சேர்த்து ஓகே கொடுக்க வேண்டும். பட்டன் போனில் முக்காற்புள்ளியைத் தேடவே பலமுறை அழுத்த வேண்டியிருக்கும். ‘பவர் யூசர் செட்டிங்ஸ்’ என்று ஒரு பட்டியல் திறக்கும். அதில் கீழே இறங்கிக்கொண்டே போனால் ‘யூஸ் பிட்மேப் ஃபான்ட்ஸ் ஃபார் காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்’ என்ற வரி வரும். எதிரே ‘நோ’ இருக்கும். அதை ‘எஸ்’ ஆக்கி, ‘சேவ்’ கொடுத்து, பக்கத்தை மறுபடி ஏற்றினால், கட்டங்கள் இருந்த இடத்தில் கறுப்பு எழுத்தில் தமிழ்.

நடந்தது இதுதான். கைபேசியில் தமிழ் எழுத்துரு இல்லை. ஓபராவின் சர்வரில் இருந்தது. பன்னிரண்டு குறிகளையும் வாங்கி, பிரித்து, நகர்த்தி, ‘புதுக்கோட்டை’ என்ற ஆறு எழுத்தாக அங்கேயே வரைந்து, அதைச் சிறு சிறு படங்களாக அனுப்பியது. கைபேசிக்குத் தமிழ் தெரியவில்லை; தெரிய வேண்டிய தேவையும் இல்லை. படத்தைக் காட்டத் தெரிந்தால் போதும்.

இந்த ஒரு வரியைத் தமிழ் இணைய ஆர்வலர்கள் அப்போது விடாமல் ஊருக்குச் சொன்னார்கள். வாய்மொழியாகவும் பரவியது. எழுத்து படமாக வருவதால் சில நஷ்டங்களும் இருந்தன. பக்கத்தின் எடை ஏறும். பேலன்ஸ் கொஞ்சம் கூடுதலாகக் கரையும். ஒரு சொல்லைக்கூட நகலெடுக்க முடியாது. தமிழில் படிக்கலாமே தவிர, தமிழில் தட்டுவதற்கு அது உதவாது. ஆண்ட்ராய்டு போன்கள் வரத் தொடங்கிய புதிதில் அவற்றிலும் பலவற்றில் தமிழ் கிடையாது. அங்கேயும் இதே வரி, இதே ‘எஸ்’.

புதுக்கோட்டைக்கு அது ஏன் பெரிய விஷயம் என்பதைச் சொல்ல வேண்டும். 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தது. அப்போது ஷீலா ராணி சுங்கத் ஆட்சியர். கல்குவாரியில் கல் உடைத்த பெண்களும் வயலில் நாற்று நட்ட பெண்களும் மாலையில் உட்கார்ந்து அ, ஆ படித்தார்கள். கூடவே சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். அந்தச் சைக்கிள் இயக்கத்தைப் பற்றிப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியதால் நாடே அறிந்தது. அப்படிக் கற்ற எழுத்து தமிழ் எழுத்து. பேருந்துப் பெயர்ப்பலகையிலும் ரேஷன் அட்டையிலும் அந்த எழுத்தைத் தேடிப் படித்த கண்களின் முன், பதினைந்து, பதினெட்டு ஆண்டுகள் கழித்து ஒரு போன் வந்து நின்று, காலிக் கட்டங்களைக் காட்டியது. ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கு அது தொல்லை. தமிழ் மட்டுமே தெரிந்தவர்களுக்கு, கற்ற எழுத்து செல்லாது என்று சொல்வது மாதிரி. ஆகவே அந்த ‘எஸ்’ என்ற ஒரு சொடுக்கை நான் சாதாரண வசதியாகப் பார்ப்பதில்லை.

தபால்காரருக்குத் தெரிந்தது

இனி மறுபக்கம். வங்கித் தளத்துக்கோ மின்னஞ்சலுக்கோ போகும்போது பூட்டுப் படம் தெரிந்தால், நம் கைபேசியிலிருந்து அந்தத் தளம் வரை யாரும் நடுவில் படிக்க முடியாது என்று பொருள். ஓபரா மினியில் அப்படியில்லை. கைபேசியிலிருந்து சர்வர் வரை ஒரு பூட்டு, சர்வரிலிருந்து தளம் வரை வேறொரு பூட்டு. நடுவில், சர்வருக்குள், பக்கம் திறந்தபடி இருக்கும். திறக்காமல் அதைச் சுருக்கவும் முடியாது, தமிழை வரையவும் முடியாது. இதை ஓபரா நிறுவனம் மறைக்கவில்லை. முழுப் பாதுகாப்பு வேண்டுவோர் முழு உலாவியைப் பயன்படுத்துங்கள் என்று தானே சொல்லிவைத்தது. ஆனால் மெமரி கார்டு வழியாக வந்த செயலியோடு அந்த எச்சரிக்கை வரவில்லை. ஜிமெயில் கடவுச்சொல்லை நாமும் யோசிக்காமல் தட்டினோம்.

எல்லா இடையாட்களும் ஓபரா அளவுக்கு வெளிப்படையாக இருக்கவில்லை. 2013 ஜனவரியில் கௌரங் பாண்ட்யா என்ற இந்திய ஆய்வாளர் நோக்கியா ஆஷா போனைச் சோதித்து, அதன் பிரவுசர் பூட்டுப் போட்ட போக்குவரத்தையும் நோக்கியாவின் சர்வர் வழியாகப் பிரித்துக் கொண்டுபோகிறது என்று காட்டினார். பக்கத்தைச் சுருக்குவதற்காகத் தற்காலிகமாகப் பிரிக்கிறோம், உள்ளே இருப்பதைப் பார்ப்பதில்லை என்று நோக்கியா விளக்கம் கொடுத்தது. அதே 2013இல் ஃபேஸ்புக், ஓனாவோ என்ற நிறுவனத்தை வாங்கியது. அதன் செயலி பாதுகாப்பு தருவதாகச் சொல்லி விபிஎன், அதாவது போனின் போக்குவரத்து முழுவதையும் தன் சர்வர் வழியாகப் போகவைக்கும் இணைப்பை அமைத்து, பயனர்கள் எந்தெந்தச் செயலியை எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்ற விவரத்தைத் திரட்டியது. எதிர்ப்பு வலுத்த பிறகு 2018இல் ஆப்பிள் கடையிலிருந்தும் 2019இல் கூகுள் கடையிலிருந்தும் அது போனது. இலவசமாகக் கடிதம் வாசித்துக் காட்ட வருகிறவர் எதற்காக வருகிறார் என்ற கேள்விக்கு இவை கண்முன் நிற்கும் பதில்கள்.

இடையாள் விலகிய காலம்

ஆண்ட்ராய்டு 4 வரிசை பரவப் பரவக் கட்டங்கள் குறைந்தன. 2014இல் வந்த ஆண்ட்ராய்டு 5, தமிழைப் போனின் மொழியாகவே வைத்துக்கொள்ள வழி தந்தது. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் என்ற செயலி தமிழ்த் தட்டச்சுக்கு வழி திறந்திருந்தது. 2015 அக்டோபர் 11 அன்று புதுக்கோட்டையில் கணினித் தமிழ்ச் சங்கம், கவிஞர் நா. முத்துநிலவன் முன்னின்று, தமிழ் வலைப்பதிவர் திருவிழாவை நடத்தியது. பல ஊர்களிலிருந்து இணையத்தில் எழுதுகிறவர்கள் இந்த ஊருக்கு வந்து கூடினார்கள். தமிழைக் காட்டுமா என்று போனைக் கேட்ட காலம் போய், அதில் என்ன எழுதலாம் என்று பேசுகிற காலம் வந்துவிட்டது.

2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ வந்தது. டேட்டாவை மிச்சம் பிடிக்கும் தேவை குறைந்தது. அதே ஆண்டில் ஓபராவின் உலாவித் தொழில் 57.5 கோடி டாலருக்குச் சீன முதலீட்டாளர் குழுவிடம் கைமாறியது. ஓபரா பெயரில் வந்த தனி விபிஎன் செயலி 2018 ஏப்ரல் 30 அன்று நிறுத்தப்பட்டது. ஓபரா மினி இன்னும் இருக்கிறது. தமிழ் படிக்க அது தேவைப்படுவதில்லை.

இன்றைய இடையாட்கள்

ப்ராக்ஸி செயலிகள் ஒழிந்துவிடவில்லை. வேறு காரணத்துக்காக வந்திருக்கின்றன. புதுக்கோட்டை மாவட்டக் கடலோரத்தில் கோட்டைப்பட்டினம், மீமிசல், கோபாலப்பட்டினம் பக்கம் வளைகுடாவுக்கு ஆள் போகாத தெரு குறைவு. ஐக்கிய அரபு எமிரேட்ஸில் வாட்ஸ்அப் அழைப்பு முடக்கப்பட்டிருப்பதால், பிள்ளை முகம் பார்க்க விபிஎன் போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது சட்டம். அந்நாட்டின் 2021ஆம் ஆண்டு 34ஆம் எண் சட்டப்படி, பொய்யான இணைய முகவரியைக் காட்டிக் குற்றம் செய்தால் சிறையோ, 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹம் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். அனுமதி பெற்ற போட்டிம் போன்ற செயலிகள் அங்கேயே இருக்கின்றன. அவற்றில் பேசுவதே நல்லது. இந்தியாவில் விபிஎன் வைத்திருப்பது குற்றமில்லை. ஆனால் சேவை தருகிறவர்கள் வாடிக்கையாளர் விவரத்தை ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் உத்தரவிட்டது. நார்ட் விபிஎன், எக்ஸ்பிரஸ் விபிஎன் போன்ற நிறுவனங்கள் அதற்குப் பிறகு இங்கிருந்த சர்வர்களை எடுத்துவிட்டன.

வேலைக்காகவோ படிப்புக்காகவோ ப்ராக்ஸி போட வேண்டியவர்களுக்கு, பழைய ஒழுங்கே இன்றும் உதவும்: எந்த ஆளிடம் கோளாறு என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பது. வைஃபை அமைப்பில் ப்ராக்ஸி முகவரியும் போர்ட்டும் போட்டால் அது அந்த வைஃபைக்கு மட்டும்தான். மொபைல் டேட்டாவுக்குப் பொருந்தாது. எல்லாச் செயலிகளும் அதை மதிப்பதுமில்லை. முகவரி 127.0.0.1 என்றிருந்தால் அது அந்தக் கைபேசியையே குறிக்கும். ப்ராக்ஸி செயலி பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தால்தான் வேலை செய்யும். பேட்டரி சேமிப்பு அதை நிறுத்திவிட்டால் நெட் நின்றுபோகும். விபிஎன் வழியாக ஓடும் செயலி என்றால் திரையின் மேலே சாவிப் படம் இருக்கிறதா பாருங்கள். ஆண்ட்ராய்டில் ஒரு நேரத்தில் ஒரு விபிஎன்தான் ஓடும், இரண்டாவதைப் போட்டால் முதலாவது அறுந்துவிடும். பிரைவேட் டிஎன்எஸ் பகுதியில் ஏதாவது பெயர் போட்டுவைத்திருந்தால் அதை ‘ஆட்டோமேட்டிக்’ ஆக்கிப் பாருங்கள். செயலியை நீக்கிய பிறகும் வைஃபையில் நெட் வரவில்லை என்றால், அந்த வைஃபையின் ப்ராக்ஸி இன்னும் ‘மேனுவல்’ ஆகவே கிடக்கும்; ‘நன்’ என்று மாற்றினால் சரியாகும். கடைகளில் போனையே ரீசெட் செய்யச் சொல்வார்கள்; அதற்கு முன் இதைப் பாருங்கள்.

ஓபரா மினியின் கதையிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இது. நம் கருவிக்கு ஒரு திறமை இல்லாதபோது இடையாள் பெரிய உதவி. அந்த உதவிக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் நிரந்தரத் தீர்வு அந்தத் திறமை கருவிக்குள்ளேயே வருவதுதான். தமிழ் எழுத்து அப்படித்தான் வந்தது. உழைத்தும் கேட்டும் வாங்கினோம். இன்று ஒரு ப்ராக்ஸி செயலி ‘இணைப்பை அமைக்க அனுமதிக்கவா’ என்று கேட்கும்போது, விரலை வைப்பதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தச் செயலியை நடத்துவது யார்? அவர்களுக்குக் காசு எங்கிருந்து வருகிறது? இந்த வேலை அவர்கள் இல்லாமல் என் போனிலேயே முடியாதா? மூன்றுக்கும் தெளிவான பதில் கிடைத்தால் போடுங்கள். ஒன்றுக்குக் கிடைக்காவிட்டாலும் போடாதீர்கள். வங்கிக் கணக்கு இருக்கிற போனில் கண்டிப்பாகப் போடாதீர்கள்.